குலுக்கிப் போடும் ஊசி

ஆள்காட்டி விரலின் இரண்டு கணு உயரம்கூட இருக்காது அந்தக் கண்ணாடிக் குப்பி. உள்ளே 1 மில்லி மருந்து. அசையாமல் வைத்திருந்தால் மேலே தெளிந்த நீரும் அடியில் வெள்ளைப் படிவுமாகப் பிரிந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியில் விட்டுவைத்தால் அடியில் தங்குமே, அதுபோல. எடுத்து நன்றாகக் குலுக்கினால் படிவு கலைந்து, பார்வைக்கு அப்படியே பால். குலுக்காமல் ஊசியில் ஏற்றினால் மருந்தில் ஒரு பங்கு குப்பியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

உள்ளே இருப்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் அசிடேட், 150 மில்லிகிராம். அரசு இதற்கு 'அந்தரா' என்று பெயர் வைத்திருக்கிறது. இடைவெளி என்று பொருள் தரும் வடமொழிச் சொல். நம்முடைய 'அந்தரம்' அதற்கு உறவுதான். ஆனால் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'மூணு மாச ஊசி' என்பார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்கள் அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இந்தக் குப்பி எங்கிருந்து வந்தது என்று நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் என் தங்கை.

தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை. இரண்டு மாதம் கழிந்து, கணவன் வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியதும் அவளுக்குள் ஒரு பயம். உடனே இன்னொன்று உண்டாகிவிட்டால்? அம்மாவிடம் கேட்கக் கூச்சம். அம்மாவுக்கோ, "பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது, பயப்படாத" என்பதுதான் பதில். தங்கை யாருக்கும் தெரியாமல் ஒரு மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கினாள். மடியில் குழந்தை இருக்கிறதா, தாய்ப்பால் கொடுக்கிறாயா என்று ஒரு கேள்விகூட அங்கே எழவில்லை. மூன்று வாரத்தில் பால் குறைந்தது. குழந்தை மார்பைக் கவ்வி, விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார், பால்சுறா வாங்கிவரச் சொன்னார். பத்தியம் தப்பிவிட்டது என்று தங்கையையே திட்டினார். அவள் தன் உடம்பிலேயே ஏதோ கோளாறு என்று நம்பி ராத்திரியெல்லாம் அழுதாள். அந்த மாத்திரை அட்டை அவள் துணிப்பைக்குள் இருந்தது எனக்குத் தெரியவந்தபோது புட்டிப்பால் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு யாரும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கருத்தடை மாத்திரை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கடைகளில் அதிகம் கிடைப்பது இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டிரானைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து ஒன்று. பாலுக்கு ஆகாதது இதிலுள்ள ஈஸ்ட்ரோஜன். ஒரு காலத்தில் குழந்தை இறந்து பிறந்த தாய்மாருக்கு மார்பு கட்டி வலிக்காமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் கொடுத்தே பாலை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரசவமான முதல் ஆறு வாரம் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல். ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் ஏற்றும். அதனால்தான் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு வாரத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது, ஆறு மாதம் ஆகும்வரையும் தவிர்ப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அம்மா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் அம்மாவின் சொல்லை மூன்று நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர்கூட, வழக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தி வந்தால் நூறில் 98 பேருக்குப் பாலே காப்பு. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. நம் வீடுகளில் மூன்றாம் மாதமே பசும்பாலோ பவுடரோ உள்ளே வந்துவிடுகிறது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடக்கூடும் என்பதால், 'இன்னும் குளிக்கவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டிருப்பவள் நாலு மாதம் முழுகாமல் இருப்பதும் நடக்கும்.

இந்தக் குப்பியில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. புரோஜெஸ்டிரானின் வேலையைச் செய்யும் மருந்து மட்டும்தான். அதன் வேர் ஒரு பயிரில் இருக்கிறது.

சோயா மொச்சை. 1940-களில் சிகாகோவில் கிளிடன் என்ற பெயிண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின வேதியியலாளர், சோயா எண்ணெயிலிருந்து பிரித்த பொருளைக் கொண்டு புரோஜெஸ்டிரானை ஏராளமாகச் செய்ய வழி கண்டார். நிறத்தைக் காட்டி அவருக்குப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. அதனால்தான் அவர் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த அப்ஜான் நிறுவனமும் சோயாவிலிருந்தே தன் ஹார்மோன் தொழிலைக் கட்டியது. அங்கேதான் 1950-களில் இந்த மருந்து உருவானது. நீரில் எளிதில் கரையாத நுண்படிகங்களாக அதை ஆக்கி, தசையில் செலுத்தினால் அங்கேயே தங்கி மெல்ல மெல்லக் கரையும்படி செய்தார்கள். குப்பியின் அடியில் நிற்கும் வெள்ளைப் படிவு அந்தப் படிகங்கள்தான்.

முதலில் இதைக் கருவைக் காப்பதற்காகத்தான் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. 1960-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்குக் கிடைத்த அனுமதி, அடிக்கடி கரு கலைபவர்களுக்கும் கருப்பைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் உள்ளவர்களுக்கும் போடத்தான். பிரேசிலின் பாயியாவில் எல்சிமார் கூத்தின்யோ என்ற மருத்துவர், குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட இதைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண்கள் பிள்ளை பெற்று வீடு போன பிறகு நெடுநாள் மறுபடி கருத்தரிக்கவில்லை. கருத்தடை ஊசி பிறந்தது அந்தக் கவனிப்பிலிருந்து.

அதற்குப் பிறகு குப்பி போன பாதை கறை படிந்தது. 1967-ல் அப்ஜான் கருத்தடைக்கான அனுமதி கேட்டது. அதே ஆண்டிலிருந்து அட்லாண்டா நகரின் கிரேடி மருத்துவமனைக் கிளினிக்கில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஊசி போட்டுச் சோதித்தார்கள். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். பதிவேடுகளும் பின்தொடர்தலும் ஒழுங்காக இல்லை. பீகிள் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மார்பில் கட்டிகள் வந்தன. 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. ஆனால் தன் நாட்டுப் பெண்களுக்கு வேண்டாம் என்று நிறுத்திய அதே மருந்து தாய்லாந்திலும் ஆப்பிரிக்காவிலும் தொடர்ந்து போடப்பட்டுக்கொண்டே இருந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் மெக்கார்மிக் மருத்துவமனை 1965 முதலே போட்டது. அங்கே பால் கொடுக்கும் தாய்மாரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் கவனித்ததிலிருந்தும் உலகம் பலவற்றைக் கற்றுக்கொண்டது. 1991-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மார்பகப் புற்றுநோய் அச்சத்தைப் பெருமளவு குறைத்தது. 1992-ல் அமெரிக்கா அனுமதித்தது.

இந்தியாவுக்குள் குப்பி நுழைந்த கதையில் நான் நின்று பேச விரும்பும் இடம் ஒன்று உண்டு.

1985-ல் ஹைதராபாத் அருகே பட்டன்செருவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு ஒரு கருத்தடை ஊசி போடப்பட்டது. அது நெட்-என், இந்தக் குப்பியின் ஒன்றுவிட்ட சகோதரி. இது சோதனை என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பிள்ளை பிறப்பைத் தள்ளிப்போடும் ஊசி, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். ஸ்த்ரீ சக்தி சங்கட்டனா என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அங்கே போய்ப் பேசினார்கள்; இது பரிசோதனை, இன்னின்ன விளைவுகள் வரலாம் என்று விளக்கினார்கள். விவரம் தெரிந்ததும் காத்திருந்தவர்களில் பலர் ஊசி வேண்டாம் என்று எழுந்து போனார்கள். 1986-ல் அந்த அமைப்பும் டெல்லியின் சஹேலி என்ற பெண்கள் அமைப்பும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் சென்றனர். நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடை அறுவைச் சிகிச்சைகளின் நினைவு அப்போது பத்தாண்டுகூடப் பழசாகவில்லை. அரசு கையில் ஊசியோடு வந்தால் பெண்கள் பயப்பட நியாயம் இருந்தது.

நம் குப்பிக்கு 1993-ல் தனியார் சந்தையில் விற்க அனுமதி கிடைத்தது. பணமிருப்பவர்கள் நகரத்து மருத்துவர்களிடம் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் அமைப்புகள் மறுபடி வழக்குத் தொடுத்தன. 1995-ல் மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் அரசுத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றது. இருபது ஆண்டு கழித்து, 2015-ல், அதே வாரியம் இசைந்தது. 2017-ல் 'அந்தரா' என்ற பெயரோடு அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக வந்தது. கூடவே வந்தது 'சாயா' மாத்திரை. அது ஹார்மோனே இல்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தும் அவர் குழுவினரும் கண்டுபிடித்து 1991-ல் 'சஹேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பாலைப் பாதிக்காது. என் தங்கைக்கு அதுவும் பொருந்தியிருக்கும்.

அந்த முப்பதாண்டு எதிர்ப்பு வளர்ச்சிக்குத் தடை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று ஊசி போடுமுன் ஒரு செவிலியர் உட்கார்ந்து பேசவேண்டும், கேள்விகள் கேட்கவேண்டும், அட்டையில் எழுதித் தரவேண்டும் என்று விதி இருக்கிறதென்றால் அது அந்தப் பெண்கள் போராடி வாங்கியது. அந்தப் பேச்சு இல்லாமல் போடப்படும் ஒவ்வொரு ஊசியும் 1985-ன் ஊசிதான்.

இப்போது மருந்தை இந்திய நிறுவனங்களே செய்கின்றன. மத்திய அரசு வாங்கி மாநிலத்துக்கு அனுப்ப, அங்கிருந்து மாவட்டக் குடும்ப நல அலுவலகத்துக்கு வருகிறது. நமக்கு விழுப்புரம். அங்கிருந்து வடக்கே, வேர்க்கடலைக் கொல்லைகளையும் நெல் வயல்களையும் தாண்டி, உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிக் குவித்தது போன்ற குன்றுகள் தெரியத் தொடங்கும் சாலையில் செஞ்சிக்குப் பெட்டி வருகிறது. தடுப்பூசி போல ஐஸ் பெட்டி தேவையில்லை. 30 டிகிரிக்கு மேல் போகாமல் நிழலில், நிமிர்ந்த நிலையில் வைத்தால் போதும். எங்கள் ஊர் வெயிலில் இதுவே பெரிய வேலை.

செஞ்சி என்றால் எல்லோரும் சொல்வது கோட்டையை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, எட்டாண்டு முற்றுகை, 1714-ல் போரில் விழுந்த தேசிங்கு ராஜா, அவன் குதிரை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறியபோது ஊரே கொண்டாடியது, நானும்தான். ஆனாலும் அந்தக் கதையில் தேசிங்கின் இளம் மனைவிக்கு மிச்சமிருந்தது சிதை மட்டுமே. பெண்ணின் உடம்பைப் பற்றி முடிவு செய்தவர்கள் எப்போதும் வேறு யாரோ. அதே தமிழ்நாட்டில்தான் 1930-களிலேயே பெரியார், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் விடுதலைக்கான கேள்வி என்று எழுதினார். நாட்டின் நன்மை, குடும்பத்தின் வரவு செலவு என்றெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் நடைமுறையில் நாம் வந்து சேர்ந்த இடம் என்ன? இரண்டு பெற்றதும் 'கு.க. பண்ணிடு' என்பது. கருத்தடை செய்துகொண்ட தமிழ்நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். முதல் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் பெண்ணுக்கு என்ன வழி என்று கேட்பவர் குறைவு. வயிறு கிழித்துப் பிள்ளை எடுத்த தையல் ஆறி முடிவதற்குள் அடுத்தது வேண்டாம் என்று நினைப்பவளுக்கு? சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் பொங்கலுக்கு வரப்போகிறான் என்று விரல் விட்டு எண்ணுபவளுக்கு?

அவளுக்காகத்தான் ஆறு வாரக் கணக்கு. மறுபடி பாலுக்கு வருகிறேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே மார்பு பாலுக்குத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரான் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சும் விழுந்ததும் அந்த ஹார்மோன் சரிகிறது, பூட்டு திறக்கிறது, இரண்டு மூன்று நாளில் சீம்பால் போய்ப் பால் நிறைகிறது. அந்த நேரத்தில் புரோஜெஸ்டிரானைப் போன்ற மருந்தை உடம்பில் ஏற்றினால் பால் வரத்து தடுமாறுமோ என்ற சந்தேகம் உண்டு. மருந்து சிறிதளவு பாலிலும் கலக்கும். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் கல்லீரலுக்கு அதைக் கையாளும் திறன் குறைவு. ஆறு வாரம் ஆனபின் பால் நிலைத்துவிடுகிறது, குழந்தையும் தேறிவிடுகிறது. அதன்பின் போட்ட தாய்மாரின் குழந்தைகளுடைய எடையிலும் வளர்ச்சியிலும் ஆய்வுகள் கெடுதல் எதையும் காணவில்லை. பிறந்தவுடன் போடுபவை போக, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போடும் நாளும் ஏறக்குறைய இதே ஆறாவது வாரம்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் வரவேண்டிய நாள். தாயைக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

கேட்கவேண்டியவை நிறைய. இரத்த அழுத்தம் உண்டா, காரணம் தெரியாத இரத்தப்போக்கு உண்டா, மார்பில் கட்டி, கல்லீரல் நோய் உண்டா. சொல்லவேண்டியவையும் நிறைய. முதல் மாதங்களில் திட்டுத் திட்டாகப் படும். பிறகு தூரமே நின்றுபோகும். ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி. "கெட்ட ரத்தம் உள்ளேயே கட்டிக்குது" என்று மாமியார் பயப்படுவார். கட்டுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. கருப்பையின் உட்சுவர் மெலிந்திருப்பதால் வெளியேற ஒன்றுமில்லை என்பதைத் தாயிடமும் மாமியாரிடமும் சேர்த்தே சொல்லவேண்டும். நிறுத்தினால் உடனே பிள்ளை நிற்காது. கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம்வரை ஆகலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தியபின் பெரும்பாலும் திரும்பிவிடும். ஓராண்டுக்கு மேல் போட்டவர்களிடம் மூளையுறைக் கட்டி பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாக 2024-ல் பிரான்சில் ஓர் ஆய்வு சொன்னது. அரிதான கட்டிதான், ஆனால் அதையும் மறைக்கக் கூடாது. இத்தனையும் கேட்டபிறகு "வேணாம்மா, எனக்குக் காப்பர் டி போதும்" என்று ஒருத்தி சொன்னால் அதுவும் அவள் முடிவு.

வேண்டும் என்று சொன்ன ஒரு பெண்ணோடு நான் போயிருந்தேன். மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்த பிறகு ஊசி அறை. குழந்தை அவள் இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் பால் காய்ந்திருந்தது. நர்சம்மா குப்பியைக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை குலுக்கினார்.

"எந்தக் கையிலம்மா போடட்டும்? புள்ளயத் தூக்குற கை வேணாம்."

வலது மேற்கையில் போட்டார். பஞ்சை வைத்து அழுத்தினார். அவள் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காத. வீட்டுக்குப் போயி வெந்நீ ஒத்தடமும் குடுக்காத. தேச்சா மருந்து சீக்கிரம் கரைஞ்சிடும், மூணு மாசத்துக்குத் தாங்காது. சரியா?"

"பால் வத்திடாதே அக்கா?"

நர்சம்மா எழுதுவதை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "வத்தாதும்மா. புள்ளைய எடுத்து எடுத்துப் போடு, அது குடிக்கக் குடிக்கச் சொரக்கும். எதுனா வித்தியாசமாப் பட்டா அன்னிக்கே வந்துடு."

அட்டையில் அடுத்த தேதியை எழுதினார். 13 வாரம் தள்ளி. இரண்டு வாரம் முன்னால் வந்தாலும் நான்கு வாரம் பிந்தினாலும் போடலாம் என்பதை வாயால் சொன்னார். காலிக் குப்பியை நீலப் பெட்டியில் போட்டார். அதன் உட்சுவரில் மெல்லிய வெள்ளைத் திரை ஒட்டியிருந்தது.

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தோம். மேல்மலையனூர் வண்டி வர நேரமிருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு முனகியது. அவள் முந்தானையை இழுத்து மூடி, ஊசி போட்ட கையைச் சற்றே விலக்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை மார்போடு சேர்த்தாள்.